பன்னிரண்டு கண்ணாடியும் ஒரு மைப்பொட்டும்

எங்கள் ஆலைக்குக் கேமரா வந்துவிட்டது. பத்தடிக் கண்ணாடியை ரோலரில் படுக்க வைத்து அனுப்பினால், அது அந்தப் பக்கம் போய்ச் சேருவதற்குள் குமிழி எங்கே, கீறல் எங்கே என்று திரையில் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டிவிடுகிறது. அந்த வேலையைப் பதினான்கு வருடம் இரண்டு கண்ணை வைத்துக்கொண்டு பார்த்தவன் நான். கேமராவுக்கு டீ வேண்டாம், தீபாவளி முன்பணம் வேண்டாம், அதற்கு மாமனாரும் கிடையாது. ஆகவே நாற்பத்தொன்பது வயதில் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்தேன். விருப்பம் யாருடையது என்று அந்தப் படிவத்தில் கேள்வி இல்லை.

புதிதாக வந்த இன்ஜினீயர்கள் டீ நேரத்தில் கேட்டார்கள், வெறுங்கண்ணை நம்பி இவ்வளவு பெரிய கண்ணாடியை எப்படித் தப்பில்லாமல் பார்த்தீர்கள் என்று. "தப்பில்லாமல்" என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குப் புரையேறிவிட்டது. அன்றைக்குப் பாதிதான் சொன்னேன். மீதியைச் சொல்ல மானம் தடுத்தது. இப்போது வேலை இல்லை, மானத்துக்கும் அவ்வளவு தேவை இல்லை. எழுதிவிடுகிறேன்.

உத்தமபாளையத்துக்குச் சற்று முன்னால், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது எங்கள் ஆலை. சென்னைப் பக்கத்துப் பெரிய ஆலையிலிருந்து வரும் கண்ணாடித் தகடுகளை அளவுக்கு வெட்டி, ஓரம் தேய்த்து, கழுவி, உலையில் காய்ச்சி உறுதியாக்கி, குமுளி மலைப்பாதை வழியாகக் கேரளத்துக்கு அனுப்புவோம். தொண்ணூற்றாறில் நான் வைக்கோல் பிரிவில் சேர்ந்தேன். கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே வைக்கோல் திணிப்பது வேலை. திணிக்கிற வைக்கோலில் கால்வாசி நம் பனியனுக்குள் போகும். வீட்டுக்கு வந்து குளித்த பிறகும் சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அதே வருடம் ஒரு நாள் கேன்டீன் சோற்றில் கிடந்த கல்லை, வாயில் போடும் முன்பே நான் பார்த்துப் பொறுக்கி எடுத்ததை மேலாளர் கவனித்துவிட்டார். அடுத்த வாரமே என்னைச் செக்கிங்கில் போட்டார். நான் பெற்ற பயிற்சி அவ்வளவுதான்.

பண்ணைப்புரத்தில் என் மாமனார், மருமகன் இன்ஸ்பெக்டர் ஆகிவிட்டார் என்று ஊரெல்லாம் சொன்னார். எந்த இன்ஸ்பெக்டர் என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. டீக்கடையில் எனக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள். நான் உட்கார்ந்துகொண்டேன்.

செக்கிங் என்றால் இப்படி. கழுவி வந்த தகட்டை, கம்பளித்துணி சுற்றிய சாய்வுச் சட்டத்தில் நிறுத்துவார்கள். பின்னால் மூன்றடி தள்ளிக் கறுப்புத் திரை. இரண்டு பக்கமும் டியூப் லைட், வெளிச்சம் கண்ணாடியை உரசிக்கொண்டு போகிற மாதிரி. நான் ஒரு கை தூரத்தில் நின்று, மேல் மூலையில் ஆரம்பித்து, வயலில் ஏர் ஓட்டுவது போல இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கும், ஒரு சாண் இறங்கி மறுபடி இந்தக் கோடிக்கும் பார்த்துக்கொண்டே வர வேண்டும். குமிழியும் கீறலும் கறுப்பின் மேல் வெள்ளையாக மின்னும். சில தகட்டுக்குள் கடுகைவிடச் சின்னதாகக் கல் இருக்கும். அது முடிந்ததும் திரையை விலக்கி, சாய்ந்த கறுப்பு வெள்ளைப் பட்டை தீட்டிய பலகையைப் பின்னால் வைப்பார்கள். கண்ணாடி வழியாக அதைப் பார்த்துக்கொண்டே நடந்தால், எந்த இடத்தில் பட்டை பாம்பு மாதிரி நெளிகிறதோ அந்த இடத்தில் கண்ணாடி கோணல்.

ஒரே ஒரு கண்டிப்பான விதி. செக்கிங் செய்கிறவன் கண்ணாடியைத் தொடக் கூடாது. விரல் ரேகையே ஒரு குறை. சந்தேகமாக ஏதாவது தெரிந்தால் கழுவும் பிரிவைக் கூப்பிட்டுத் துடைக்கச் சொல்ல வேண்டும். துடைத்தால் போனால் தூசி, போகாவிட்டால் கண்ணாடிக்குள்ளேயே உள்ள குறை. "கையால் தொடாதீர்" என்று பலகை எழுதி மாட்டியவன் நானே. அனுப்பும் கண்ணாடிகளின் மேலும் குறுக்குக்கோடு போட்ட கைப் படத்தை ஒட்டச் செய்தவனும் நானே. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத்தான் வேண்டிய நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

மேலாளர் சபாபதி கோயம்புத்தூர்க்காரர். அவர் கத்தி யாரும் கேட்டதில்லை. கோபம் ஏற ஏற மரியாதைதான் ஏறும். சாதாரணமாக நான் "பாண்டி". கொஞ்சம் தப்புச் செய்தால் "பாண்டியவர்களே". தலை தப்பாது என்றால் "சார்". அந்த ஆலையில் அவர் வாயால் "சார்" என்று கூப்பிடப்பட்ட இரண்டு பேரில் ஒருவர் இப்போது கூடலூரில் ஜீப் ஓட்டுகிறார், இன்னொருவர் எங்கே என்று தெரியவில்லை.

இரண்டாயிரத்து மூன்றில் எனக்குக் கெட்ட காலம் இரண்டு பக்கமும் வந்தது. ஒன்று, நான் பாஸ் செய்து அனுப்பிய பெரிய கண்ணாடிகள் மூன்று, குமிழி இருக்கிறது என்று திரும்பி வந்தன. மூன்றிலும் குமிழி நட்டநடுவில். சின்னக் கண்ணாடியில் நான் எதையும் விட்டதில்லை. பெரியதில், அதுவும் நடுவில் மட்டும், என் கண்ணுக்கு என்ன ஆகிறது என்று எனக்கே விளங்கவில்லை.

இன்னொன்று என் கண்ணைப் பற்றியதுதான், ஆனால் வேறு மாதிரி. காய்ச்சிய கண்ணாடிக்குள் கண்ணுக்கே தெரியாத ஒரு கல் இருந்தால், உலையிலிருந்து வந்து பல நாள் கழித்துக்கூட, யாரும் தொடாமலே வெடித்துக் கல்கண்டு கல்கண்டாக உதிர்ந்துவிடும். உலகம் முழுக்க அப்படித்தான். ஆனால் ஒரு நாள் நான் உலையிலிருந்து வந்த ஒரு தகட்டைப் பார்த்து, "தங்கம் மாதிரி வந்திருக்குய்யா" என்று சொல்லித் திரும்பினேன், முதுகுக்குப் பின்னால் டமார். அடுத்த வாரம், "இது பரவாயில்லை" என்றேன். அதுவும் டமார். மூன்றாவது தகட்டை நான் கேன்டீன் ஜன்னல் வழியாகச் சும்மாதான் பார்த்தேன்.

உலை ஓட்டும் சுருளிவேல் அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

"அண்ணே, கழிச்ச கண்ணாடிய ஒடைக்கக் கம்பெனி சுத்தியல் வாங்கி வச்சிருக்கு. எதுக்கு வீண் செலவு? நீங்க வந்து ஒரு பார்வை பாத்துட்டுப் போங்க."

அதன் பிறகு நான் கேன்டீனுக்குள் போனால் டிபன் பாக்ஸ்கள் படபடவென்று மூடிக்கொண்டன. சுருளி புது வண்டி வாங்கி, நான் பார்க்கக் கூடாதென்று கழிவறைக்குப் பின்னால் நிறுத்தினான். செக்கிங் சட்டத்துக்கு மேலே பூசணிக்காயில் பூத முகம் வரைந்து கட்டித் தொங்கவிட்டார்கள். அது எல்லாக் கண்ணாடியிலும் பிரதிபலித்தது. நாள் முழுக்க ஒரு பூதம் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்ட, நான் அதன் பற்களுக்கு நடுவே குமிழி தேடினேன். விஷயம் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. என் மனைவி சாதாரணமாகச் சொன்னாள், "ஏங்க, வாசல்ல முருங்க பூ வச்சிருக்கு. கொஞ்சம் தரையப் பாத்து நடந்து போங்க."

அப்போதுதான் குமுளிக்கு அந்தப் பக்கம், கட்டப்பனையில் ஒரு ஜவுளிக் கடை முகப்புக்காகப் பன்னிரண்டு தகடுகளுக்கு ஆர்டர் வந்தது. ஒவ்வொன்றும் பத்தடி உயரம், ஏழடி அகலம். அதுவரை நாங்கள் செய்ததிலேயே பெரியவை. சபாபதி என்னை அறைக்கு அழைத்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார்.

"உக்காருங்க, சார்."

நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன்.

"இந்தப் பன்னெண்டுல ஒண்ணு திரும்பி வந்தாலும், சாருக்குச் சிரமம் வேண்டாமுங்க. சார் பழையபடி வைக்கோல் செக்சனுக்கே போயிரலாம். அங்கே சாரோட கண்ணுக்கும் ஓய்வு, எங்களுக்கும் ஓய்வு. சரிங்களா, சார்?"

ஐந்து வாக்கியத்தில் ஐந்து சார். எனக்கு அப்போதே முதுகு அரிக்க ஆரம்பித்துவிட்டது. பண்ணைப்புரம் டீக்கடையில் எனக்காக எழுந்தவர்கள் எல்லோரும் வரிசையாகத் திரும்ப உட்காருவது கண்முன் ஓடியது.

மறுநாள் காலை முதல் தகடு வந்தது. ஏர் ஓட்ட ஆரம்பித்தேன். நடுவுக்கு வந்ததும், பக்கவாட்டு வெளிச்சத்தில் மினுங்கும் ஒரு கறுப்புப் புள்ளி, கடுகு அளவு. கழுவும் பிரிவுத் தலைவி பேச்சியம்மாளைக் கூப்பிட்டேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கடமலைக்குண்டிலிருந்து இந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தவர்.

"அக்கா, இங்கன ஒரு புள்ளி. தொடைங்க."

பேச்சியக்கா துணியை எடுத்து வந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, வெகு அக்கறையாகத் துடைத்தார். விலகினார். புள்ளி இருந்தது.

"போகலையேப்பா. உள்ளுக்குள்ள இருக்கு போல."

"நல்லா அழுத்தித் தொடைங்கக்கா."

"இதுக்கு மேல அழுத்துனா நான்தான் அந்தப் பக்கம் போயிருவேன்."

ரிஜெக்ட் எழுதினேன். இரண்டாவது தகடு, அதிலும் கறுப்புப் புள்ளி. மூன்றாவது, நான்காவது. ஒவ்வொன்றுக்கும் அக்கா வந்தார், துடைத்தார், உதட்டைப் பிதுக்கினார். சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் ஆறு தகடு ரிஜெக்ட். ஏழாவதைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் கழிவறைக்கு ஓடி, வெள்ளைச் சுவரை உற்றுப் பார்த்தேன். என் கண்ணிலேயே புள்ளி விழுந்திருக்குமோ என்று பயம். ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன், மறு கண்ணை மூடிப் பார்த்தேன். அவசரத்தில் இரண்டையும் மூடிக்கொண்டு, பார்வை போய்விட்டது என்று சுவரைத் தடவினேன். வெளியே சுருளி தன் வண்டியை மறைத்துக்கொண்டு நின்றிருந்தான்.

"என்னண்ணே, கண்ண மூடிக்கிட்டு வர்றீக? நல்ல பழக்கம். அப்படியே வச்சுக்கங்க."

சபாபதியிடம் போய், வந்த சரக்கு மொத்தமும் கெட்டது என்று சொன்னேன். அவர் உடனே சென்னைக்குப் போன் போட்டு, அந்த ஆலைக்காரரிடம் மிக மென்மையாகப் பேசினார். ஒன்பது தடவை "சார்" வந்ததை நான் எண்ணினேன். மறுமுனையில் இருந்தவர் பயந்துபோய், நாளைக்கே ஆள் அனுப்புவதாகச் சொல்லிவிட்டார். பிறகு சபாபதி என்னோடு நடந்து வந்து முதல் தகட்டின் முன் நின்றார். என் பலகையை ஒரு முறை படித்தார். "கையால் தொடாதீர்." படித்துவிட்டு ஆள்காட்டி விரலால் புள்ளியைத் தொட்டார்.

விரல் கறுப்பாக வந்தது. முகர்ந்து பார்த்தார்.

"வெளக்கெண்ணெய் வாசம் வருதுங்க, பாண்டியவர்களே."

பேச்சியம்மாள் தப்பிக்கப் பார்க்கவே இல்லை. நேராக வந்து நின்றார்.

"நான்தான் சார் வச்சேன். மைதான். எங்க பேத்திக்குக் காய்ச்சுனது. இந்த மனுசன் சும்மா பாத்தாலே ஒடையுது. பன்னெண்டையும் ஒரு பொழுது பூராம் உத்து உத்துப் பாக்கப் போறாரு, தாங்குமா? பச்சப் புள்ளைக்குக் கன்னத்துல வைக்கிற மாதிரி ஆளுக்கு ஒரு பொட்டு வச்சேன். உலைக்குப் போகையில தொடச்சு விட்டுருவேன்."

"அக்கா, அப்ப நான் தொடைக்கச் சொன்னேனே?"

"பொட்டச் சுத்தித் தொடச்சேன்ல."

எனக்கு வந்த கோபத்தில் அவரை ஒரு பார்வை பார்த்தேன். அவர் சட்டென்று முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

சென்னைக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டது சபாபதிதான். அதற்கு எத்தனை சார் செலவானது என்று நான் எண்ணவில்லை. ஆறு தகட்டிலும் பொட்டைத் துடைக்கச் சொன்னார். மறுபடி பார்த்தேன். ஆறும் சுத்தம். பெருமூச்சு விட்டு, ஆறையும் பாஸ் எழுதிக் கொடுத்தேன். அவர் என் காலை நோட்டையும் புது நோட்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

"பாண்டியவர்களே, காலைல மூணாவது தகட்டுல 'கறுப்புப் புள்ளி' னு எழுதீருக்கீங்க. அதுக்குக் கீழே, 'புள்ளிக்கு இடப்பக்கம் நாலு விரல் தள்ளி மயிரிழைக் குமிழி' னும் எழுதீருக்கீங்க. இப்ப அந்தக் குமிழி எங்கீங்க?"

மூன்றாவது தகட்டை நிறுத்தினார்கள். பார்த்தேன். இல்லை. கிட்டே போய்ப் பார்த்தேன். இல்லை. சபாபதி பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை. ஒன்று, காலையில் நான் இல்லாத குமிழியைப் பார்த்திருக்க வேண்டும். அல்லது, இருக்கிற குமிழியை இப்போது பார்க்கவில்லை. இரண்டில் எதுவானாலும் வைக்கோல்தான். என் முதுகு மறுபடி அரித்தது.

பேச்சியக்காதான் சொன்னார். "பொட்டு இருந்தப்பத்தான தெரிஞ்சுச்சு? திரும்ப வச்சுப் பாப்பமா?"

இடுப்பிலிருந்து மைச்சிமிழை எடுத்து, பழைய இடத்தில் ஒற்றை விரலால் ஒத்தினார். நான் பொட்டைப் பார்த்தேன். பார்த்ததும், நாலு விரல் தள்ளி, குமிழி மினுக்கென்று நின்றது.

அந்த நிமிடத்தில் எனக்கு ஏழு வருட வேலை விளங்கியது. பெரிய கண்ணாடியின் நடுவில் கண் பிடித்து நிற்க எதுவும் இல்லை. நான் கண்ணாடியைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு, அதைத் துளைத்துப் போய் மூன்றடி தள்ளியிருந்த கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரத்தில் விளிம்பு இருக்கிறது, கண் அதில் நிற்கும், அங்கே நான் எதையும் விட்டதில்லை. சின்னக் கண்ணாடி முழுக்கவும் ஓரம்தான். பெரியதன் நடுவில், பொட்டு ஒன்றுதான் கண்ணைக் கண்ணாடியிலேயே பிடித்து நிறுத்தியது. ஏழு வருடமாக நான் திரையைப் பரிசோதித்து, கண்ணாடிக்குச் சான்றிதழ் கொடுத்திருக்கிறேன்.

சபாபதி மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு, "அம்மா, எவ்வளவு மை இருக்குதுங்க?" என்று கேட்டார்.

அன்று மாலைக்குள் ஒவ்வொரு தகட்டிலும் அடிக்கு ஒரு பொட்டு. பேச்சியக்கா ஸ்டூலில் ஏறி நின்று வைத்தார். அந்தப் பூதப் பூசணிக்காயைக் கழற்றி எறிந்தோம். பொட்டிலிருந்து பொட்டுக்கு நான் கண்ணை நகர்த்தினேன். பன்னிரண்டில் மூன்று தகட்டில் குமிழி அகப்பட்டது. மூன்றையும் மாற்றினோம். மாற்றி வந்தவற்றையும் பொட்டு வைத்துப் பார்த்தேன். பொட்டெல்லாம் துடைத்து, உலையில் காய்ச்சி, வைக்கோல் வைத்துக் கட்டி, பன்னிரண்டும் மலையேறின.

நான்காம் நாள் காலை கட்டப்பனையிலிருந்து போன் வந்தது. கடையின் இன்ஜினீயர் குரியன்.

"பாண்டி, எல்லாம் மாட்டியாச்சு. ஒரு கண்ணாடியில் கறுத்த புள்ளி உண்டு. வந்நு நோக்கு."

மைப்பொட்டு என்று நினைத்து நான் நிம்மதியடைய முடியாது. ஏனென்றால் உலைக்குள் போன மை எரிந்து காணாமல் போயிருக்கும். உலையைத் தாண்டியும் கறுப்பு இருக்கிறதென்றால் அது கண்ணாடிக்குள் இருக்கும் கல். கல் என்றால் அது திரும்பி வரும். அது திரும்பினால் நானும் திரும்புவேன், வைக்கோலுக்கு. சபாபதியிடம் சொல்லாமல் அரை நாள் விடுப்புப் போட்டு, கூடலூர் போய் ஜீப் பிடித்தேன். ஓட்டியவர், முன்பு சபாபதி "சார்" என்று கூப்பிட்ட இரண்டு பேரில் ஒருவர். அவர் ஜீப்பின் சின்னக் கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"என்னப்பா, ஒன்னையும் 'சார்'னுட்டாகளா?"

"ஆமாண்ணே."

"அப்ப ஜீப்பு ஓட்டக் கத்துக்க. இந்த வளைவுல செகண்டு கியர், பாத்துக்க."

குமுளி வரைக்கும் ஒவ்வொரு வளைவுக்கும் கியர் சொல்லிக்கொண்டே வந்தார். நானும் பாவம், மனப்பாடம் செய்தேன்.

கட்டப்பனையில் கடை வாசலில் குரியன் காத்திருந்தார். வலது கடைசிக் கண்ணாடி. கீழ் மூலையில் புள்ளி, கடுகு அளவு, கன்னங்கரேல்.

"துடைத்துப் பார்த்தீங்களா?"

குரியன் கண்ணாடியில் ஒட்டியிருந்த குறுக்குக்கோடு போட்ட கையைக் காட்டினார். "தொடக் கூடாது எந்நல்லே நிங்கள் ஒட்டியிருக்கு?"

வேட்டி நுனியை எடுத்தேன். ஒரே இழுப்பு. போய்விட்டது. வேட்டியில் விளக்கெண்ணெய் வாசம்.

"இத்தரே உள்ளோ? இவ்வளவுதானோ?" என்றார் குரியன்.

"எங்க ஊர்ல கடைசிப் பரிசோதனை இப்படித்தான் செய்வோம்" என்றேன். டீ வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் பேச்சியக்காவைப் பிடித்தேன். உலைக்குப் பிறகு, கட்டும்போது, ஒன்றே ஒன்றில் மட்டும் வைத்திருக்கிறார்.

"ஒன் கண்ணு முடிஞ்சுச்சு. அங்கன ரோட்டுல போறவுக வர்றவுக அம்புட்டுப் பேரு கண்ணும் படும்ல? அதுக்கு யாரு பொறுப்பு?"

சபாபதி அந்த வழியாக வந்தார். விடுப்புக் கடிதம் அவர் கையில் இருந்தது. குரியனும் அவருக்குப் போன் செய்திருந்தார் போலிருக்கிறது. என் வேட்டி நுனியின் கறுப்பைப் பார்த்தார். "இனிமேல் ஒரு துணி வச்சுக்குங்க, பாண்டி" என்றார். அந்த வெறும் "பாண்டி"யைக் கேட்டு நான் அன்று இரண்டு வேளைச் சோறு ஒரே வேளையில் சாப்பிட்டேன்.

அன்றிலிருந்து சட்டைப்பையில் துணி இல்லாமல் நான் வேலைக்குப் போனதில்லை. மைக்குப் பதிலாகப் பிறகு அழிக்கக்கூடிய பேனா வந்தது. பேச்சியக்கா அதை நம்பவில்லை. முதல் பொட்டை மட்டும் கடைசி வரைக்கும் மையில்தான் வைத்தார்.

போன மாதம் கேமரா பூட்டியபோது, அதை நிறுவ வந்த இன்ஜினீயர் முதலில் ஒரு கண்ணாடிப் பலகையைப் பிரித்து ரோலரில் வைத்தார். பலகை முழுக்க அடுக்கடுக்காகக் கறுப்புப் பொட்டுகள். இதைக் காட்டினால்தான் கண்ணாடி எந்தத் தூரத்தில் இருக்கிறது என்று கேமராவுக்குப் பிடிபடும், இல்லாவிட்டால் மங்கலாகத்தான் பார்க்கும் என்றார். முன்பே ஓய்வு பெற்றிருந்தும் என் வழியனுப்பு விழாவுக்காக வந்திருந்த பேச்சியக்கா எட்டிப் பார்த்தார். என்னையும் கேமராவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இம்புட்டுப் பெரிய மெசினு, இதுக்கும் ஒன் கண்ணுதானா?"

விழாவில் எல்லோரும் பேசினார்கள். சுருளி, இனி வண்டியை வாசலிலேயே நிறுத்தலாம் என்று பேசிக் கைத்தட்டு வாங்கினான். கடைசியாகச் சபாபதி எழுந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாலையைக் கையில் எடுத்து, என் பக்கம் திரும்பி, மெல்லிய குரலில், "வாங்க, சார்" என்றார்.

அவர் மரியாதையாகத்தான் கூப்பிட்டார். கூட்டம் முழுக்க அது புரிந்தது. எனக்கு மட்டும் முதுகு அரித்தது, எந்தக் கண்ணாடி திரும்பி வந்துவிட்டது என்று மேடையிலேயே யோசித்தேன். மாலை கழுத்தில் விழும்போது என் வலது கை சட்டைப்பைக்குள் துணியைத் தேடிக்கொண்டிருந்தது.